சங்கு ஊதாத மில்

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

தங்கள் நாத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பணிவன்புடன் எழுதுவது. தாங்கள் மறைந்து ஓராண்டு கழிந்த பின் இம்மடலை எழுதும் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நேற்று தங்கள் மகன் மடிக்கணினியுடன் வந்தான். பழைய பிளாப்பி ஒன்றிலிருந்து மீட்ட கோப்பைத் திறந்து, "அத்தை, அம்மாவோட மில்லு இன்னும் ஓடுது பாருங்க" என்றான். திரையில் சாம்பல் நிற நடைபாதை. இருபுறமும் நூற்பு இயந்திரங்கள். மூலையில் விட்டுவிட்டு எரியும் விளக்கு.

தொண்ணூறுகளின் இறுதியில், இராஜபாளையத்தில் அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில், மாணவர் வராத மதிய வேளைகள் நமக்கே உரியவை. துப்பாக்கி விளையாட்டு ஒன்றும், அதற்குப் புதிய களங்களைக் கட்டும் லெவல் எடிட்டரும் ஒரே சீடியில் இருந்தன. கோடு இழுத்தால் சுவர் எழும். எண்ணைக் கூட்டினால் கூரை உயரும். எவரிடமும் பயிலாமல், அதன் ஆங்கிலக் குறிப்புகளை அகராதி துணையுடன் வரிவரியாகப் படித்து நானே கைவசப்படுத்தினேன் என்பதை இன்றும் பெருமையுடன் சொல்வேன்.

எதைக் கட்டலாம் என்றேன். "எங்க மில்லக் கட்டுட்டி" என்றீர்கள். மணமாகும்வரை தாங்கள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். நானோ அதன் வாயிலைப் பேருந்து ஜன்னல்வழி கண்டதன்றி உள்ளே நுழைந்தறியேன். தாங்கள் சொல்லச் சொல்ல நான் கட்டினேன்.

"மெஷினு இம்புட்டு ஒசரமா? என் நெஞ்சு மட்டுக்குத்தான் வரும். இதென்ன, நீ வாக்கப்பட்ட ஊருத் தேரா?"

உயரத்தைக் குறைத்தேன்.

"அந்த முக்குல டியூப்லைட்டு கண்ணடிச்சிக்கிட்டே கெடக்கும். அதையும் வையி."

வைத்தேன். விளையாட்டின் வழக்கப்படி, இயந்திரங்களுக்குப் பின்னே சுடுவதற்குச் சில பேய்களையும் நிறுத்தினேன். தாங்கள் கொதித்தெழுந்தீர்கள். "ஏட்டி, எங்கூட வேல பாத்த பிள்ளைக நிக்கிற எடத்துல பேய்க்கு என்ன சோலி? தூக்குட்டி அதுகள!"

சுடுவதற்கு ஒருவரும் இல்லாத துப்பாக்கி விளையாட்டு நம்முடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இறுதியாக, வெளியேறும் சுவிட்சைப் பதிக்க வேண்டியிருந்தது. அதைத் தொட்டால்தான் களம் முடிவுறும். எங்கே வைக்க என்று கேட்டேன். தங்கள் குரல் தணிந்தது.

"கல்யாணம்னு சொல்லி, என்னைய ஒரு வார்த்த கேக்காம வேலைய விட்டு நிறுத்திட்டாக. இதுலயாவது நான் சொல்லும்போது வெளிய போவோம். ஷிப்டு முடியுற சங்கு இன்னும் ஊதலைல்ல?"

அதன்பின் சென்டரை மூடினார்கள். குடும்பப் பாடுகள் சூழ்ந்தன, நோயும் வந்தது. தாங்கள் சொல்லவேயில்லை.

"எம்மக வெளையாடணும்ங்கா. நானே எங்கயாவது சுவிட்ச வச்சு முடிச்சிரட்டுமா?" என்றான் தங்கள் மகன்.

"வைக்காதே. அது உன் அம்மா சொல்ல வேண்டிய இடம்" என்றேன்.

"அம்மா எப்படி அத்தை சொல்லுவாக?"

மடிக்கணினியை வாங்கி அந்நடைபாதையில் சற்று நேரம் நடந்தேன். இன்றும் எங்கேனும் ஒரு டியூப்லைட் கண்ணடித்தால், நான் ஒருநாளும் நுழைந்திராத ஆலை ஒன்றில் தங்கள் அருகே நிற்கிறேன், மதினி. என் அடுக்களையிலும் அப்படியொன்று எரிகிறது. மாற்ற மனமில்லை.

தங்கள் மகன் ஞாயிறன்று ஊர் திரும்புகிறான். சுவிட்சை எங்கே வைக்க வேண்டும் என்று விரைவில் பதில் எழுதவும்.