ஃபிரிட்ஜுக்காக அழுத அழுகை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். டிவி பார்க்கிறவனுக்கு இதை நம்புவது கஷ்டம்தான், ஆனாலும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் வலி பழைய வலி, அதற்கும் சண்டைக்கும் சம்பந்தம் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலாவது மாடி பல்டாக்டரின் தங்கைக்கு எல்லை தாண்டிப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்திருக்கிறது, அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அந்தப் பக்கம் போனதும் தபாலில் போட்டுவிடுவாள். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, நீயும் நான் சொல்வதை எந்தக் காலத்தில் முழுசாகக் கேட்டிருக்கிறாய்.

உன் மெசேஜ் வந்தது. டிவியில் உன்னைப் பார்த்தேன் அம்மா, இடிந்த கட்டடத்துக்கு முன்னால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாய், இனிமேல் என்னால் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது, வேலையை விடப்போகிறேன், டிக்கெட் போட்டாயிற்று, வந்து உன்னைப் பார்த்துவிட்டு நேரே பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், நடுவில் கோபப்படாமல் படி.

எதிர்வரிசைக் கட்டடத்தில் குண்டு விழுந்தது உண்மை. நமக்கு ஜன்னல் கண்ணாடி போனதோடு சரி, அட்டையை வெட்டி அடைத்திருக்கிறோம். யார் போட்ட குண்டு என்று மட்டும் கேட்காதே, நம்முடைய ரேடியோ அவர்கள் போட்டது என்கிறது, அவர்களுடைய ரேடியோ நாமே போட்டுக்கொண்டது என்கிறது. அப்பா இரண்டையும் பொறுமையாகக் கேட்டு அணைத்துவிட்டு, ரொட்டிக் கடை வரைக்கும் நடந்து போய் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்து வந்து, இன்னிக்குப் பரவாயில்லை என்றோ, இன்னிக்குச் சரியில்லை என்றோ சொல்வார். எங்களுக்கு இப்போது அதுதான் செய்தி. குண்டு விழுந்ததிலிருந்து கரண்ட் இல்லை, தரைத்தளத்தில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது. அப்பாவின் இன்சுலினைக் குளிரில் வைத்தாக வேண்டும், ஆகவே நம் ஃபிரிட்ஜைக் கீழே இறக்குவது என்று முடிவாயிற்று. லிஃப்ட் ஓடாது, மாடிப்படித் திருப்பத்தில் ஃபிரிட்ஜ் திரும்பாது. பால்கனி வழியாகக் கயிறு கட்டி இறக்கிடலாம், இதெல்லாம் ஒரு விஷயமா என்று கிளம்பியவர் பிரேக் மாமா. டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாரே, உனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் ஆளை விடுப்பா என்று கையெடுத்துக் கும்பிட்டாரே, அவரேதான். மேலே அப்பாவும் பல்டாக்டரும் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், மாமா கீழே நின்று லெஃப்ட்ல, லெஃப்ட்ல, மெதுவா என்று சத்தம் போட்டார். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தது. அந்த நேரம் பார்த்து, நாள்கணக்கில் செத்துக் கிடந்த போன் டவருக்கு உயிர் வந்துவிட்டது! மூன்று பேர் பாக்கெட்டிலும் ஒரே சமயத்தில் மணி அடிக்கிறது, மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஒரு கையை எடுக்கிறார்கள். அப்புறம் என்ன, நடுத்தெருவில் ஃபிரிட்ஜ் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அப்பா எடுத்துப் பார்த்தது உன் மெசேஜ்தான், சாப்பிட்டீங்களா என்று கேட்டிருந்தாய்.

இன்சுலின் என் பையில் பத்திரமாக இருந்தது, இப்போது நாலு தெரு தள்ளி, ஜெனரேட்டரில் ஓடும் பல்டாக்டரின் கிளினிக் ஃபிரிட்ஜில் இருக்கிறது, அதை நினைத்துக் கவலைப்படாதே. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாகப் பொங்கி வந்துவிட்டது. ஐயோ போச்சே, போச்சே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். எதிர்க் கட்டடத்தைப் படம் பிடிக்க வந்திருந்த டிவிக்காரப் பெண் ஓடி வந்தாள். பார்லர் வைத்திருக்கிற என் கண் சும்மா இருக்குமா, அந்தப் பெண் தலைமுடிக்கு முந்தின நாள்தான் சாயம் அடித்திருக்கிறாள், காதோரம் சரியாக ஏறவில்லை என்று அழுகைக்கு நடுவிலும் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, இன்னொரு தடவை அப்படியே அழுங்கம்மா, வெளிச்சம் போயிடும் என்றாள். மரியாதையாகக் கேட்டாளே என்று நானும் அழுதேன். நீ பார்த்தது இரண்டாவது அழுகை. நம்முடைய சேனலில் அதற்குக் கீழே மகனைப் பறிகொடுத்த தாய் என்று போட்டார்கள். அவர்கள் சேனலில் அதே அழுகைக்குச் சத்தத்தை எடுத்துவிட்டு, தன் அரசாங்கத்தையே சபிக்கும் தாய் என்று போட்டார்களாம். உன் சித்தி போனில் ஓவென்று அழுதாள், அவன் உயிரோடதான்டி இருக்கான் என்று நான் சொன்னதும், அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன என்று என்னையே திட்டினாள். ஆனால் நீ, பறிகொடுத்ததாகச் சொன்ன அதே மகன், உயிரோடு உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறாய். எழுத்து பொய் என்று தெரிந்தும் அழுகையை மட்டும் எப்படியடா நிஜம் என்று எடுத்துக்கொண்டாய்?

இன்னொரு தடவை அந்தப் படத்தைப் போட்டுப் பார். எனக்குப் பின்னால், ஓரத்தில், வாசற்படியில் நீலச் சால்வை போர்த்திக்கொண்டு ஒருத்தி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பாள். தரைத்தளத்து அக்காதான். உன்னோடு அந்தப் படியில் பந்து விளையாடிக் கண்ணாடியை உடைத்தானே, அவள் பிள்ளை, அவன் சண்டையில் போய்விட்டான் என்று தகவல் வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாங்கள்தான் மறைத்து வைத்தோம். அவனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, டிவியில் எதையோ பார்த்துவிட்டுத் தானாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தான். அக்கா அழவில்லை, அதனால் அவளிடம் யாரும் மைக்கை நீட்டவில்லை. டிவிக்காரப் பெண் அவளிடம் சொன்னது ஒன்றுதான், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, படத்துல விழுறீங்க என்றாள். அக்காவும் கிழங்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் இரண்டாவது தடவை அழுதேன்.

நேற்று பார்லரில் அக்காவுக்குத் தலை அலசிவிடும்போது நீ வரப்போவதைச் சொன்னேன். கண்ணை மூடியபடியே, தூரமாவே இருக்கட்டும் விடு என்றாள். நாட்டுக்கு ஒன்றும் செய்யக்கூடாதா என்று நீ கேட்பாய். எனக்கு அதற்குப் பதில் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் எல்லாம் டிவியில் இருக்கிறார்கள். ஆனால் அம்மா அழுதாள், அதனால் வந்தேன் என்று மட்டும் நீ வரக்கூடாது, அந்தப் பழியை என்னால் சுமக்க முடியாது ராஜா. டிக்கெட்டை ரத்து செய். வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் போய் மன்னிப்புக் கேள், அதில் கௌரவம் பார்க்காதே. குளிருக்கு நல்லதாக ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொள். அடுத்த தடவை போட்டோ அனுப்பும்போது தலைமுடியை வெட்டிவிட்டு அனுப்பு, பார்க்கச் சகிக்கவில்லை.

பல்டாக்டரின் தங்கை கீழே நின்று கூப்பிடுகிறாள். நீ நோய்நொடி இல்லாமல், தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த தடவை போனில் உன் குரலைக் கேட்டதும், வந்துடுடா என்று நான் சொன்னாலும் சொல்வேன். உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, தினமும் இருக்கிறது. டிவியை நம்பாதே என்கிறேன் அல்லவா, அப்போது என்னையும் நம்பாதே. இந்தக் காகிதத்தில் இருப்பதை நம்பு. வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா