நீ பேசாத பேச்சு

இன்று காலையும் பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் இல்லை. திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. வீட்டுத் தொட்டியிலிருந்து காரில் ஏற்றி வந்த தண்ணீரை ஊற்றி வைக்க, ஆசிரியர் அறையில் நம் இருவர் மேசைக்கும் நடுவே கிடந்த உன் சிவப்பு வாளியை இழுத்தேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அதில் நண்டு வாடை போவதில்லை. முகர்ந்ததும் உன் ஞாபகம் வந்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ இருந்தவரை பள்ளிக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே ஜன்னலே இல்லாத டேட்டா சென்டர் நிற்கிறது. ஏஐ ஓடுவதெல்லாம் அதற்குள்தானாம். இரவு பகலாக இரைச்சல். இயந்திரங்களைக் குளிர வைக்க ஓயாமல் தண்ணீர் வேண்டுமாம். அதனால்தான் நம் குழாய் காய்கிறதா என்று கேட்டால், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல டீச்சர்" என்கிறார் புதிய தலைமையாசிரியர். அது வந்த பிறகு காய்ந்த குழாயைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

வருஷத்துக்கு ஒரு முறை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கெலாங் பாத்தா கடலோரத்துக் கிராமமான ஓராங் செலெத்தார் கம்பத்துக்கு அழைத்துப் போவாயே. தலைமுறை தலைமுறையாகப் படகிலும் சதுப்புக் காட்டிலும் வாழ்ந்த பூர்வகுடிகள். நண்டு விற்கும் காக் லீமா, நம் லீமா அக்கா, கடிபடாமல் நண்டைக் கட்டும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். நீ நண்டை வாங்கி இந்த வாளியில் போட்டுக்கொண்டு, பஸ் முழுக்க நாறடித்தபடி வருவாய். மறுநாள் கட்டுரை. "பக்கத்துல இருக்கறவ எழுதுனத எழுதக் கூடாது லா. நீ என்னா பாத்தியோ அத எழுது" என்பாய். ஒரு பெண் கட்டுரை முழுவதும் லீமா வீட்டு நாயைப் பற்றியே எழுதியிருந்தாள். நீ அதைத்தான் வகுப்பில் வாசித்துக் காட்டினாய்.

போன மாதம் பள்ளி ஆண்டு விழா நடந்தது. செலவு டேட்டா சென்டர்காரர்களுடையது. விளக்கை அணைத்தார்கள், திரையில் நீ வந்தாய்.

நீயா அது? உன் பழைய போட்டோவை ஏஐ-யிடம் கொடுத்து, உன் கறுப்பை வெள்ளையடித்து, தெற்றுப் பல்லை நேராக்கி, யாரோ ஒரு விளம்பரக்காரியை நிறுத்தியிருந்தார்கள். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, தொழில்நுட்பத்தின் பொற்கரங்களைப் பற்றிக்கொள்ளுங்கள்" என்றது அந்த முகம். செத்துப்போனவளை எழுப்பி இதையா பேச வைப்பார்கள்? "டேய் மண்டைங்களா, உக்காருங்க லா" என்று சொன்னவள் நீ. அடுத்த காட்சியில் ஓராங் செலெத்தார் மக்களாம். தலை நிறைய இறகு, முகத்தில் வண்ணக்கோடு, கையில் ஈட்டி. விருந்தினர் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்த காக் லீமா என் பக்கம் குனிந்து, "சிக்கு, இத்து ஓராங் மானா?" என்றாள். இவர்களெல்லாம் எந்த ஊர் ஆட்கள் டீச்சர் என்று கேட்கிறாள், அவளுடைய ஆட்களைக் காட்டும் படத்தைப் பார்த்து. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரக் கட்டுரையில் முக்கால்வாசிப் பிள்ளைகள், செலெத்தார் மக்கள் தலையில் இறகு சூடுவர் என்று எழுதியிருந்தார்கள். காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தக் கம்பம் வந்துவிடும். போய்க் காட்டிவிட்டு வரலாம் என்றேன். "சேறு டீச்சர், பேரன்ட்ஸ் கம்ப்ளெய்ன் பண்ணுவாங்க. அதான் ஏஐ-லயே எல்லாம் இருக்கே" என்றார் தலைமையாசிரியர். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இத்தோடு விட்டார்களா? படத்தில் உன் குரல் மட்டும் ஒட்டவில்லையாம். "உங்க போன்ல அவங்க வாய்ஸ் மெசேஜ் நெறைய இருக்கும்ல. குடுங்க டீச்சர், அப்படியே அவங்க மாதிரியே பேச வெச்சிடலாம். மக ஓகே சொல்லியாச்சு" என்றார்.

உன் மகளா சம்மதித்தாள் என்று எனக்குக் கொதித்தது. சனிக்கிழமை அவள் சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வந்ததும் நேரே உன் வீட்டுக்குப் போய் நின்றேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் போனேன். அவளோ, "அம்மா குரல இன்னொரு வாட்டி கேக்கலாமேன்னுதான் ஆண்டி" என்றாள். என் கோபமெல்லாம் எங்கே போனதோ. போனை எடுத்து உன் மெசேஜ் ஒன்றைப் போட்டேன்.

"சாந்தி, இவ இன்னும் வந்து சேரலடி. பாலத்துல டிராபிக் ஜேமாம்." இருமினாய். "சோறு ஆறிப் போச்சு. வரட்டும், இருக்கு அவளுக்கு." மறுபடி இருமல், பின்னால் குக்கர் விசில். "நீ சாப்ட்டியா?"

அவள் போனைக் காதோடு அழுத்தி இன்னொரு தடவை கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மெஷின் இந்த இருமல வெட்டி எடுத்துரும்ல ஆண்டி?" என்றாள்.

"எடுத்துரும்மா. திட்டுறதையும் எடுத்துரும்."

"அப்போ குடுக்காதீங்க."

உன் மெசேஜ் எல்லாவற்றையும் அவளுக்கு மட்டும் அனுப்பிவிட்டு வந்தேன்.

இன்று தலைமையாசிரியர் மறுபடி கேட்டபோது, வாளியும் கையுமாக நின்றே மாட்டேன் என்றேன். "சின்ன விஷயம்தானே" என்று சலித்துக்கொண்டார். வேறு எவள் குரலையாவது ஒட்டி அந்த வெள்ளை முகத்தைப் பேச வைப்பார். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த அருவருப்பு என்னை விட்டுப் போகவும் போகாது. காக் லீமாவுக்குப் போன் பண்ணி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கம்ப்ளெய்ன் வந்தால் வரட்டும். உன் வாளியும் கூட வருகிறது.

மதியம் மணி அடித்ததும் உன் மேசைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அந்த மெசேஜைப் போட்டுக் கேட்கிறேன். கடைசியில் நீ கேட்பாய் இல்லையா, அதற்குத் தினமும் பதில் சொல்கிறேன். சாப்ட்டேன்டி.