லைன் முழுக்க ஆடின கோலாட்டம்

பியகம
ஏப்ரல் 2003

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

சுதர்ஷினி கும்பிட்டு எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். அம்மா, முழங்கால் வலி தேவலையா? மழையில தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாதீங்க.

ஒரு சந்தோஷமான சங்கதி! கார்மண்ட் ஃபேக்டரியில வருஷப் பொறப்பு விழாவுக்கு எங்க தையல் லைன ஒரு ஆட்டம் போடச் சொன்னாங்க. அந்த லைன்ல நான் ஒருத்திதான் தமிழ், மத்தவங்க எல்லாம் சிங்களம். சாப்பாட்டு நேரத்துலகூட தனியாத்தான் உக்காருவேன். எப்படியோ துணிஞ்சு, துணி அளக்குற ரெண்டு அடிமட்டத்த எடுத்து நம்ம தோட்டத்துக் கோயில் கோலாட்டத்த ஆடிக் காட்டினேன். "அட, இது எங்க லீ கெளி தானே!"ன்னு சிங்களத்துல கத்திக்கிட்டே பக்கத்து மெஷின் மல்லிகா அக்கா எதிர்ல வந்து நின்னாங்க. அவங்க கோலாட்டத்துக்குத்தான் லீ கெளின்னு பேராம். அப்புறம் மொத்த லைனும் வட்டமா நின்னுருச்சு! கோலாட்டத்துல மாறி மாறி எல்லார் கோலையும் தட்டியே ஆகணுமில்ல? என்னை விட்டுட்டு யாராலயும் ஆட முடியல!

மல்லிகா அக்கா ஓங்கித் தட்டினதுல என் விரல் கொஞ்சம் வீங்கிருச்சு. பயப்படாதீங்க, அவங்களே தைலம் தேச்சுவிட்டாங்க.

அப்பா, கொய்யாக் கிளையில கோல் செதுக்கி, யட்டியாந்தோட்டைக்குப் போறப்ப தபால்ல போட்டுடுங்க. அம்மா, உங்க பழைய சேலை ஒன்னும் வைங்க. போர்த்திக்கத்தான்.

"நங்கி, சாப்பிட வா"ன்னு மல்லிகா அக்கா கூப்பிடுறாங்க. நங்கின்னா தங்கச்சி, என்னைத்தாம்மா! போறேன்.

மகள்
சுதர்ஷினி