ஜெரிசனின் கணிதம்

செப்டெம்பர் 3
ஐஸ் தொழிற்சாலையில் இயந்திர அறை மேற்பார்வையாளர் ஓய்வுபெறுகிறார். அந்த இடத்தை என் கணவர் ஜெரிசனுக்குக் கொடுக்க நினைக்கிறார்களாம். சாதாரண தர, அதாவது ஓ.எல்., சான்றிதழ் வேண்டும்: ஆறு பாடம் சித்தி, தமிழும் கணிதமும் கட்டாயம். இவருக்கு ஒன்பது பாடத்திலும் சித்தி. பத்திரம் முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்தபோது தொலைந்துவிட்டது. பரீட்சைத் திணைக்களத்தில் பிரதி எடுக்கலாம் என்றேன். "பாப்பம்" என்றார். முகத்தில் சந்தோசமே இல்லை.

செப்டெம்பர் 5
எழுதினாலாவது விளங்குமா என்று எழுதுகிறேன்.
பின்னேரம் ரியூட்டறியில் வகுப்பு முடித்து வந்து, "உங்கடை சோதினைச் சுட்டெண்ணைச் சொல்லுங்கோ, நான் விண்ணப்பிக்கிறன்" என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.
"கிறிஸ்ரினா, நான் கணிதம் பாஸ் பண்ணேல்லை."
பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.
"முகாமிலை இருந்து வந்த பிறகு ரெண்டு தரம் எடுத்தனான். ரெண்டு தரமும் W, பெயில்."
நான் கணித ரீச்சர். ஏழு வருசமாக இந்த மேசையில்தான் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்துகிறேன். இவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருப்பார். ஒருநாளாவது— ஒரு சொல்லாவது—
"உம்மைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு உம்மடை அம்மா கேட்டவ. ஒன்பது பாடமும் எண்டு வாயிலை வந்திட்டுது. பிறகு எப்பிடிச் சொல்லுறது?"
எப்பிடியோ. சொல்லியிருக்கலாம்தானே? வேறை என்னத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறார்?

செப்டெம்பர் 6
விடைத்தாள்களை ரியூட்டறியிலேயே இருந்து திருத்திவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 11
கோபத்தை விழுங்கிக்கொண்டு, "நான் படிப்பிக்கிறன், பள்ளிக்கூடத்தாலை இல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எடுங்கோ" என்றேன்.
"உம்மட்டைப் படிக்கிறதோ? வேண்டாம்."
கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. பொய் சொன்னது அவர். மறுப்பதும் அவரா?

செப்டெம்பர் 24
தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரித்தேன். குளிரூட்டல் வேலையில் அனுபவம் உள்ளவரை, செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுப்பார்களாம். சாதாரண தரம் கேட்கமாட்டார்கள். முதலாளியும் அது போதும் என்றுவிட்டார்.

நவம்பர் 20
செய்துகாட்டினார். சான்றிதழ் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. கேக் வாங்கி வந்தார். தின்றேன். சந்தோசம் வரவில்லை. "கடையிலை சனம், அதுதான் பிந்தினது" என்கிறார். அதைக்கூட நம்பமுடியவில்லை. இனி இப்பிடியேதான் சீவிக்கிறதோ?

ஜனவரி 7
தனிப்பட்ட பரீட்சார்த்திகளின் வகுப்பு இன்று தொடங்கியது. உள்ளே போனால் கடைசி வாங்கில் ஜெரிசன் இருக்கிறார். பக்கத்தில் மீசை அரும்பாத பெடியங்கள்.
கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துவிட்டது. "ரீச்சர், சுகமில்லையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.
முடிந்ததும் சைக்கிளடியில் பிடித்தேன். "வேலைதான் கிடைச்சிட்டுதே. பிறகேன்?"
"உமக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்க வேறை வழி தெரியேல்லை."
"என்னட்டை வேண்டாமெண்டுதானே சொன்னீங்கள்?"
"வீட்டிலைதான் வேண்டாமெண்டனான். வீட்டிலை பிழைவிட்டா உம்மடை புருசன் மொக்கன். இஞ்சை பிழைவிட்டா எல்லாரையும் போல ஒரு ஆள்."
சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தே வந்தோம்.

பெப்ரவரி 12
பின்னக் கணக்கில் பிழைவிட்டார். எல்லோர் முன்னாலும் திருத்தினேன். "ஓம் ரீச்சர்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்.

மார்ச் 20
சோதனை. வெளியே வந்தவர் வினாத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஜூலை 11
முடிவு வந்தது. S.
S என்றால் ஆகக் குறைந்த சித்தி; என்னிடம் படிக்கும் பிள்ளைகள் அதை எடுத்தால் அழுவார்கள். இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சித்திதானே இது? சித்திதானே?" என்று கேட்டார். "சித்திதான்" என்றேன்.
பிறகு, நான் எதிர்பாராமல், என் அம்மாவுக்குப் போன் எடுத்தார்.
"மாமி, நான் ஓ.எல். கணிதம் பாஸ்."
"உம்மடை சோதினை எப்பவோ முடிஞ்சதெல்லே தம்பி?"
அவர் என்னைப் பார்த்தார். அடுப்பை நிறுத்திவிட்டுப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.
"இல்லை மாமி" என்று தொடங்கினார்.