என் பக்கத்து பிரேக்

அன்புள்ள என் சிடுமூஞ்சிக்கு,

இங்கே நானும் அப்பாவும், இந்த முறை என் கழுத்தும் உட்பட, நலமாக இருக்கிறோம். அங்கே நீயும், வேளைக்குச் சாப்பாட்டைப் பார்க்காத உன் வயிறும் நலமாக இருக்க வேண்டும். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கழுத்துப் பட்டையை சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். இனி அது தேவையில்லை என்று பிசியோதெரபிஸ்ட் நேற்றுச் சொல்லிவிட்டார். அப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து, ‘அதான் வேணாம்னுட்டாரே, எதுக்குத் துவைக்கிற’ என்றார். வேறு யாருக்காவது உதவும் என்றேன். நல்ல ஆசீர்வாதம் என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார்.

நீ தினமும் போன் செய்வதும் அப்பா ‘நல்லாத்தான் இருக்கா’ என்று ஒரே வரியில் முடிப்பதும் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது, அதனால் விவரமாக நானே சொல்கிறேன். தலைவலி இப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் எட்டிப்பார்க்கிறது. வெளிச்சம் கண்ணைக் குத்துவதில்லை, போன் திரையை மட்டும் கால் மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. வார்த்தைகள் திரும்பிவிட்டன. முதல் மாதம் இஸ்திரிப் பெட்டியை அலமாரி என்று சொன்னேன் அல்லவா, அப்பா இன்றும் வெளியே கிளம்பும்போது அலமாரியை அணைத்தாயா என்று கேட்கிறார். பயிற்சி என்ன தெரியுமா, தலையில் ஒரு பட்டை கட்டி அதில் சின்ன டார்ச்சைச் செருகி, சுவரில் ஒட்டிய காகித வட்டத்தின் கோட்டின் மேலேயே வெளிச்சம் போகும்படி மெதுவாகத் தலையைச் சுற்ற வேண்டும். முதல் வாரம் என் வெளிச்சம் கடிகாரம், மின்விசிறி, அப்பாவின் வழுக்கை என்று வீடு முழுக்கச் சுற்றுலா போய்வந்தது. இப்போது கோட்டை விட்டு ஒரு விரற்கடைகூட நகர்வதில்லை. இரண்டு தோள்களுக்கும் மேலாகத் திரும்பிப் பார்க்கிறேன். கண்ணாடியை மட்டும் நம்பாதே, திரும்பிப் பார் என்று பத்தொன்பது வருடமாக வண்டி பழக வருகிறவர்களை எல்லாம் விரட்டுகிறவளுக்கு அதுதானே முதல். மருத்துவர் அடுத்த வாரத்திலிருந்து அரை நாள் வேலைக்குப் போகலாம், வண்டியிலும் உட்காரலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

உனக்கு அது பிடிக்காது என்று தெரியும். போதும்மா, இனிமேல் அலுவலகத்தில் உட்கார்ந்து சாலை விதி வகுப்பு எடு என்று நீ சொன்னாய், பயிற்சிப் பள்ளி முதலாளியும் அதையேதான் சொல்கிறார். அதற்குப் பதில் கடைசியில் வரும். போனில் சொன்னால் நடுவில் நீ கத்துவாய், காகிதத்தில் கத்த முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். அதற்கு முன் அந்த பேக்கரி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விபத்து நடந்த அன்றைக்கு ஓட்டியவர் அவர்தான். ஐம்பத்திரண்டு வயதில் என்னிடம் வண்டி பழக வந்தவர். வீட்டுக்காரருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, விடியற்காலையில் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வேனை இனி தானே ஓட்ட வேண்டும் என்று வந்தார். நடுச்சாலையில் பயந்துபோய் அவர் சட்டென்று பிரேக் போட்டுவிட்டார், பின்னால் ஒட்டிக்கொண்டே வந்த லாரி இடித்துவிட்டது, அந்த நேரம் நான் தலையைத் திருப்பியிருந்ததால் கழுத்து திருகி, மண்டை கதவில் மோதியது, இதுதானே நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரே அழுதுகொண்டு ஒப்புக்கொண்ட கதை. எனக்கோ இடித்ததற்கு முன்னால் ஒரு நிமிடமும் பின்னால் ஒரு மணி நேரமும் துடைத்துவிட்டது போல ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் முதலாளி ஆஸ்பத்திரிக்குக் காகிதத்தோடு வந்து, மாணவி திடீரென்று பிரேக் போட்டார் என்று எழுதியிருந்ததில் கையெழுத்துக் கேட்டபோது நான் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீயும் அந்த அம்மாவுக்கு போன் செய்து, இந்த ஜென்மத்தில் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள் என்று சொன்னாயாம். அப்பாதான் நேற்று வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

இன்று காலை பத்து மணிக்கு, யார் துணையும் இல்லாமல், பயிற்சிப் பள்ளிக்கு நடந்தே போனேன். மெக்கானிக் அன்று இடிபட்ட வண்டியைச் சரிசெய்து வாசலில் நிறுத்தியிருந்தார். சும்மா ஒரு நிமிடம் என் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஏறிச் சாவியைத் திருகிவிட்டு, பழக்கத்தில், சொல்லிக்கொடுப்பவருக்கென்று வைத்த என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். நான் மிதித்தால் வண்டியில் ஒரு எச்சரிக்கை மணி நீளமாகக் கிறீச்சிடும், மிதித்தது நான்தான் என்று மாணவருக்குத் தெரிவதற்காக வைத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் காலை எடுத்துவிட்டேன். ஏழு வாரமாகத் தூக்கம் பிடிக்கும் நேரத்தில் என் காதில் ஒரு கிறீச் சத்தம் வந்துகொண்டிருந்தது, தலையில் அடிபட்டால் அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். அதே சத்தம். மறுபடி மிதித்தேன், அந்தச் சத்தத்தின் முடிவில் லாரி இடித்ததும் நினைவுக்கு வந்தது. மிதித்தது என் கால்தான்.

அப்படியென்றால் அந்த அம்மா ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்பாய். இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில் இணைந்தவை. நான் மிதித்தால் அவர் பக்கத்ததும் தானாகக் கீழே போகும், கால் அதன்மேல் இருந்தால் தானே அழுத்தியதாகத்தான் தோன்றும். பதற்றத்தில் மணிச் சத்தத்தை லாரியின் ஹார்ன் என்று நினைத்திருப்பார். எதைப் பார்த்து மிதித்தேன் என்பது மட்டும் இன்னும் வரவில்லை, வராமலே போகலாம். சைக்கிளோ, நாயோ, பந்தோ. என் கால் காரணமில்லாமல் இறங்கியதில்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொல்வேன், ஆனால் சத்தியம் செய்யமாட்டேன். நினைவில் இல்லாத ஒன்றுக்கு ஏற்கெனவே ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதுவே போதும்.

திரும்பும் வழியில் பேக்கரிப் பக்கமாக வந்தேன். வாரா வாரம் நம் வாசலில் ஒரு ரொட்டியை வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போவது அவர்தான். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வெளியே வேன் நின்றிருந்தது, முன்பக்க விளக்கு உடைந்து டேப் ஒட்டியிருந்தது. கல்லாவில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். ‘ஐயாதான் ஓட்டுறார்க்கா, போன வாரம் கம்பத்துல தட்டிட்டார். அம்மா சாவியவே தொடமாட்டேங்கிறாங்க, ஒரு உசிரு போக இருந்துச்சே, எனக்கு எதுக்கு இனிமேங்கிறாங்க.’ கண் தெரியாத மனிதர் இருட்டில் வேன் ஓட்டுகிறார், அதற்கு என் கையெழுத்தும் உன் வாயும் காரணம். உன்னைத் திட்டவில்லை, அம்மா மேல் இருந்த பாசத்தில் பேசினாய். ஆனால் பேசியது பேசியதுதான், அதைத் திருப்பி எடுக்க வேண்டியவன் நீதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவருக்கு போன் செய். நீட்டி முழக்காதே, தப்பாகப் பேசிவிட்டேன் மன்னியுங்கள் என்றால் போதும்.

நேரத்துக்குத் தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு, யாராவது ஓட்டும் வண்டியில் ஏறினாலும் பெல்ட் போட்டுக்கொள். கோபம் குறைந்து, ஆயுள் நீண்டு, நல்ல மனிதர்கள் சூழ நீ வாழ வேண்டும்.

இனி, கடைசியில் வரும் என்று சொன்ன அந்தப் பதில், இது அப்பாவுக்கும் இன்னும் தெரியாது. நாளைக் காலை பேக்கரிக்குப் போய், அவர் வீட்டுக்காரர் எதிரிலேயே, மிதித்தது என் கால் என்று சொல்லப்போகிறேன். அங்கிருந்து நேராக முதலாளியிடம் போய்க் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மாற்றி எழுதிக் கொடுப்பேன். என் காலை நம்ப முடியாது என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும், அவர் வண்டி இல்லையென்றால் பேக்கரி வேன் இருக்கிறது, அதில் என் பக்கம் பிரேக் கிடையாது, ஓட்டுகிறவரை நம்பித்தான் உட்கார வேண்டும். எதுவானாலும் திங்கட்கிழமை அந்த அம்மா ஓட்டுவார், பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன்.

என்றும் உன் அன்பு
அம்மா