காலையில் முகம் அதைக்கிறதா?

செப்டம்பர் 8, திங்கள்

வெயில். பத்து மணிக்கே குடைக் கம்பி சுடுகிறது. கர்ப்பிணிகள் ஆய்வுக்காக எம். புதுப்பட்டியில் ஏழு வீடு ஏறினேன், ஆறு பூட்டு. தீபாவளி சீசன். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பகலில் ஊரில் ஆடும் கோழியும்தான்.

முடிவு: இனி மாலை ஆறரைக்கு மேல் போக வேண்டும், கம்பெனி வேன் இறக்கிவிட்ட பிறகு. வி.நகர் வீடு திரும்ப ஒன்பதாகும். அம்மா முனகுவாள்.

வாங்க: ரீஃபில் 2, தலைவலித் தைலம், செருப்பு வார் தைக்க.

மாலையில் ஒன்றே ஒன்று, ஆனால் நல்ல பேட்டி. முத்துமாரி. இருபத்தேழு வயது, ஆறாம் மாதம், இரண்டாவது பிள்ளை. பட்டாசு பேக்கிங் ஷெட்டில் வேலை. எட்டாவது வரை படிப்பு. அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னாள். ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் யோசித்து, கணக்காக.

முடித்து எழுந்ததும் அவள் கேட்டாள்: “மேடம், பதினேழு கேள்வி கேட்டீக. எல்லாத்துக்கும் பேப்பரப் பாத்துக் கேட்டீக. தலவலிக்குதா, கண்ணு மங்குதா, வீக்கம் இருக்கான்னு கேக்கும்போது மட்டும் என் மொகத்தப் பாத்துக் கேட்டீக. அது ஏன்?”

ஆய்வு விதி தெரியும். கேட்க வேண்டும், எழுத வேண்டும், வகுப்பெடுக்கக் கூடாது. விவரம் கேட்டால் நர்ஸிடம் அனுப்ப வேண்டும். அப்படியே சொன்னேன்.

“நர்ஸம்மாட்டயும் கேக்கேன். நீங்க ஏன் பாத்தீகன்னு ஒங்களத்தான கேக்கணும்?”

நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் முழுக்க அதே நினைப்பு.


செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் இடி. மழை இல்லை. இடி இடித்தால் கம்பெனியில் வேலையை நிறுத்தி வெளியே அனுப்பிவிடுவார்கள், ஆகவே பெண்கள் நாலரைக்கே வீட்டில். எனக்கு நல்லதாயிற்று. நான்கு படிவம் முடித்தேன்.

நான்காவது, முத்துமாரிக்கு இரண்டு வீடு தள்ளி, கனி. இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளை, எட்டாம் மாதம் தொடக்கம். இந்த மாதச் செக்கப்புக்குப் போகவில்லை. “லீவு போட்டா போர்மேன் அண்ணாச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாக. நமக்குத்தான் சங்கடமா இருக்கும். ஆர்டர் அம்புட்டுக் கெடக்கு.”

தலைவலி? இல்லை. கண் மங்கல்? இல்லை. கால் வீக்கம்? “ஆமா.”

கால் வீக்கத்துக்கு இந்த ஊரில் எல்லாருமே ஆமா. டிக் போட்டேன். அடுத்த கேள்விக்குப் போனேன். செக்கப்புக்குக் கட்டாயம் போகச் சொன்னேன். தலையாட்டினாள்.

இரவுச் சாப்பாடு தோசை. பல் வலி திரும்ப ஆரம்பித்திருக்கிறது.


செப்டம்பர் 11, வியாழன்

இரவு பதினொன்று. எழுதிவிட்டுத்தான் படுக்கை.

கனி நேற்று வி.நகர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். பி.பி. நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. நேற்று சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ. இரண்டு பேரும் உயிரோடு. காலையில் கிராம நர்ஸ் போனில் சொன்னார். கூட்டிப் போனது யார் என்று கேட்டேன். “ஒங்க முத்துமாரிதான்.”

மாலை ஓடினேன். முத்துமாரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

திங்கள் இரவே நர்ஸிடம் போன் போட்டு அந்த மூன்று கேள்வி எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். புதன் காலையிலிருந்து வேனில் போகும்போது மாசமாக இருக்கிற நான்கு பேரிடமும் அதையே கேட்க ஆரம்பித்திருக்கிறாள். என் பதினேழு கேள்வியையும் எனக்கே வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

நேற்றுக் காலை கனியிடம் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை என்றுதான் அவளும் சொல்லியிருக்கிறாள்.

“வாயி இல்லங்குது, மொகம் வேற சொல்லுது. காலங்காத்தால வேன் ஏறும்போதே மொகம் அதைச்சுக் கெடந்துச்சு. ஏ கனி, எப்பருந்துன்னு கேட்டேன். மூணு நாளாங்கா. ராத்திரி சரியாத் தூங்கலன்னு நெனச்சிருக்கா. வளவி கைல அழுத்திப் போயி தடம் விழுந்திருக்கு. அப்பறம் மெதுவாக் கேட்டேன், கண்ணுல எதும் பூச்சி பறக்காப்ல தெரியுதான்னு. ஆமாங்கா.”

“கண் மங்கலான்னு நான் கேட்டதற்கு இல்லை என்றாளே.”

“அவளுக்கு மங்கல மேடம். மினுக்மினுக்குனு தெரிஞ்சிருக்கு. நீங்க மங்குதான்னு கேட்டீக, மங்கல.”

கம்பெனி வாசலில் போர்மேனிடம் இவளே பேசியிருக்கிறாள். அவர் முதலில், மதியம் போகக் கூடாதா, லோடு காத்துக் கிடக்கே என்றாராம். இவள் நகரவில்லை. “அண்ணாச்சி, நீங்க வந்து அவ மொகத்தப் பாருங்க, பெறகு சொல்லுங்க.” அவர் வந்து பார்த்திருக்கிறார். உடனே வேன் டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பி.பி. பார்த்த கையோடு ஊசி போட்டு 108இல் ஏற்றியிருக்கிறார். முத்துமாரியும் கூடவே. ஆறு மாத வயிற்றோடு, கனியின் கையைப் பிடித்துக்கொண்டு வி.நகர் வரை.

“ஒங்களுக்குப் பயமா இல்லையா?”

“இருந்துச்சு. அவ பயந்துரக் கூடாதேன்னு வழியெல்லாம் எங்க மாமியாரப் பத்திக் கத சொல்லிக்கிட்டே போனேன். சிரிச்சா பாவம்.”


செப்டம்பர் 12, வெள்ளி

லீவு. பல் டாக்டரிடம் போகவில்லை.

கனியின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. தலைவலி இல்லை, கண் மங்கல் இல்லை, கால் வீக்கம் டிக். எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருக்கிறது. திண்ணென்று உப்பியிருந்த அந்த முகத்துக்கு எதிரே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முந்தி பார்த்திராத பெண், இதுதான் இவள் முகம் என்று நினைத்துவிட்டேன்.

முத்துமாரி கேட்டதற்கு இங்கேயாவது பதில் எழுத வேண்டும். அக்கா. ஒன்பதாம் மாதம், சாத்தூரில், அவள் வீட்டில், வலிப்பு. போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் போனில் தலைவலி என்றாள். காபி போட்டுக் குடி என்றேன். இந்த வேலைக்கு நான் வந்ததே அதனால்தான், இன்டர்வியூவில் வேறு காரணம் சொன்னேன்.

அந்தக் கேள்வி வரும்போது நிமிர்ந்து பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள்கூடக் கவனித்ததில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கவனித்தாள்.


செப்டம்பர் 14, ஞாயிறு

முத்துமாரிக்கும் லீவு நாள். போய் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “அக்கா பேரு என்ன?” என்றாள். சொன்னேன். “நல்ல பேரு,” என்றாள். டீ போட்டாள். அதற்குப் பிறகு என்னை மேடம் என்று கூப்பிடவில்லை, அக்கா என்றே கூப்பிட்டாள்.

டீ குடிக்கும்போது என் கேள்வித்தாளை வாங்கி வாசித்தாள். ஒரு கேள்வியில் விரலை வைத்தாள்.

“அக்கா, இது சரியில்ல. கால் வீக்கமான்னு கேட்டா இங்கன எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாக. நாள் பூராச் சம்மணம் போட்டு ஒக்காந்தா வீங்காம என்ன செய்யும்? காலைல எந்திரிக்கும்போது மொகம் அதைக்குதான்னு கேளுங்க. வளவி, மோதிரம் இறுக்குதான்னு கேளுங்க. அப்பறம் கண்ணுக்கு, பூச்சி பறக்காப்ல, மின்னுறாப்ல தெரியுதான்னு கேளுங்க. மங்கலுன்னு நாங்க சொல்ல மாட்டோம்.”

“பதில் சொல்பவர்கள் பயந்து மறைத்தால்?”

“தனியாக் கேட்டா மறைப்பாக. வேன்ல நாலு பேரு சேந்து இருக்கும்போது ஒருத்தி சொன்னா மத்தவளும் சொல்லிருவா.”

படித்தவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் தயாரித்த தாள் அது. நானும் அந்த அறையில் இருந்தேன். ஒருத்தருக்கும் சம்மணம் தோன்றவில்லை.


செப்டம்பர் 15, திங்கள்

ஆபீஸ். மின்விசிறி ரிப்பேர். ஆய்வுத் தலைவி டாக்டர் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், கனியின் படிவம், நான் தவறவிட்டது, அக்கா உட்பட. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். கேள்வி கேட்கப் போன ஊரில் எங்கள் கேள்வியே வேனில் ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேள்வி முன்னமே தெரிந்துவிட்டதால் ஆய்வுக் கணக்குப்படி அந்த ஊரின் பதில்கள் கெட்டுப்போயின.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கெட்டதை நடந்தபடியே எழுதி வைம்மா. மறைக்க வேண்டாம்.” பிறகு, “அந்தப் பொண்ணு சொன்ன வார்த்தையெல்லாம் அப்படியே சொல்லு. அதைத்தல்னா என்ன?” மேடம் சென்னைக்காரர். லேசாக உப்புவது, வீங்குகிற மாதிரி, என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

வீக்கக் கேள்வியும் கண் கேள்வியும் மாறுகின்றன. தாளின் அடியில் முத்துமாரி பெயரைப் போடலாமா என்று போனில் கேட்டேன். “எம்பேரு எதுக்கு? அந்த லீவ மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க. செக்கப்பு நாளுக்கு அர நாளு. நாலு பேருக்கும்.”

மேடம் கம்பெனி முதலாளிக்குக் கடிதம் எழுதினார். நான் டைப் அடித்தேன்.


செப்டம்பர் 21, ஞாயிறு

மேகமூட்டம். மல்லி விலை ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரி. கனி எழுந்து நடக்கிறாள். முகம் வடிந்திருக்கிறது. ஒட்டிய கன்னம், சின்னத் தாடை. இதுதான் அவள் முகம் என்று இன்றுதான் பார்க்கிறேன். “மன்னிச்சிரு கனி, நான் வந்தன்னைக்கே கண்டுபிடிச்சிருக்கணும்,” என்றேன். “நாந்தான அக்கா இல்லன்னு சொன்னேன்,” என்றாள்.

அவள் புருஷன் அச்சாபீஸ் வேலைக்காரன். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, நெஞ்சோடு குழந்தையை ஒட்டவைத்துத் துணியால் கட்டியபடி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நர்ஸ் சொல்லிக் கொடுத்ததாம், உடம்புச் சூட்டில் எடை ஏறும் என்று. போகிற வருகிற ஆம்பளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. “இருமல் வருது. பிள்ள முழிச்சிருமேன்னு அடக்கிக்கிட்டு இருக்கேன்,” என்றான் மெதுவாக.

குழந்தையின் எடை ஒன்று அறுநூற்றைம்பது. ஏறியிருக்கிறது.

போர்மேன் சொல்லி அனுப்பினாராம்: அரை நாள் லீவு சரி, முதலாளி ஒத்துக்கொண்டார், ஆனால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.


செப்டம்பர் 25, வியாழன்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். பல் பிடுங்கியாயிற்று. வாய் ஒரு பக்கம் மரத்திருக்கிறது. புதிய படிவம் அச்சாகி வந்தது. முதல் நாள் அச்சங்குளத்தில்.

மாலை மூன்றாவது வீடு. முப்பது வயதுப் பெண், ஏழாம் மாதம், மூன்றாவது பிள்ளை. திரி வெட்டுகிற வேலை. பெரிய பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டே எனக்குப் பதில் சொன்னாள். தலைவலி? இல்லை. அடுத்தது புதுக் கேள்வி. அந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன்.

“காலைல எந்திரிக்கும்போது மொகம் அதைக்குதா?”

வாய்ப்பாடு நின்றது. கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஆமா. ஏழெட்டு நாளா. ஏன் கேக்கீக?”

மோதிரம் இறுக்குகிறதா என்றேன். கழற்றிப் பார்த்தாள். வரவில்லை.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். “செருப்பப் போடுங்க,” என்றேன், “நர்ஸம்மா வீட்டுக்குப் போவோம்.”