மச்சாள் சமைத்த தெற்கத்திச் சாப்பாடு

என் ஆசை மச்சாளுக்கு,

வெண்டிக்காய் கிடைத்துவிட்டது. வெஸ்டர்புரோவில் அந்தப் பாகிஸ்தான்காரரின் கடையில், பெட்டியின் அடியில் கிடந்ததையெல்லாம் கிளறி எடுத்துக்கொண்டு வந்தேன். பாதி முற்றல். நுனியை முறித்துப் பார்க்காமல் வாங்கியதற்கு, நீங்கள் இருந்திருந்தால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பீர்கள்.

வெண்டிக்காய்ப் புதினம் சொல்லவா இவள் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு நேசன் வருகிறான், மச்சாள். உங்கள் தம்பி நேசன்தான். உயிரோடு, தன் காலால் நடந்து, நம்முடைய இந்த டோஸ்ட்ருப் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான். என் அண்ணை அவனைக் கூட்டிவர ஸ்டேசனுக்குப் போய்விட்டார். நான் அடுப்படி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். கடுதாசியில் எண்ணெய் தெறித்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய்விட்டது அவனுக்கு இன்னும் தெரியாது.

இந்தச் சமையல் எங்கே தொடங்கியது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டே கோழி வெட்டினேன். கீழ் வீட்டு கியர்ஸ்டன் கலர் டீவி வாங்கிய கையோடு, தன் பழைய கறுப்புவெள்ளைப் பெட்டியை நமக்குத் தூக்கிக்கொண்டு வந்து தந்தாளே, அந்தக் குளிர்காலத்தில்தான். சனிக்கிழமை தோறும் அந்த அமெரிக்கத் தொடர். தூண் வைத்த வெள்ளை வீடு, ஆற்றங்கரையில் பருத்தி வயல், ஊரே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீள மேசை. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள்ளே யாரோ ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தேசிக்காய்த் தண்ணீர் குடிப்பார். அந்த வெயில் பால் மாதிரி வெள்ளையாகப் பெருகி உங்கள் முகத்திலும் மடியிலும் அசையும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் ஊர் எது, நம்முடைய ஊர் எது, இந்த ஊர் எது என்று எனக்கே சில நேரம் பிடிபடாது.

அதில் வந்த ஒருவருக்கும் நீங்கள் சொந்தப் பெயரை விட்டுவைக்கவில்லை. வீட்டுத் தலைவி முத்துமாலை மாமி. அவளுடைய கொழுந்தன் மீசைச் சித்தப்பா. கடலுக்குப் போய்க் காணாமல் போன மகன் மூத்தவன். அவனுக்கும் ஒரு தட்டு வைக்காமல் மாமி யாரையும் சாப்பிட விடமாட்டாள். அந்தத் தட்டைக் காட்டும்போதெல்லாம் நீங்கள் மூச்சுவிடாமல் இருந்தது எனக்குத் தெரியும்.

கொழும்புக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போன நேசனிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் ஒருவர். இந்தியாவுக்குப் போய்விட்டான் என்றார் இன்னொருவர். நீங்கள் இரண்டையும் நம்பவில்லை. ஒரு சனிக்கிழமை வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னீர்கள்:

"பாருங்கோ மச்சாள், அவையின்ர மூத்தவன் வந்தால் எங்கட நேசனும் வருவான். அதுவரைக்கும் அவை என்ன சாப்பிடுகினமோ, அதைத்தான் நானும் சனிக்கிழமையில சமைக்கப்போறன்."

"கோயிலுக்கு வைக்கிற நேர்த்தியை டீவிப் பெட்டிக்கு வைக்கிறியளோ?" என்று நான் சிரித்தேன்.

"இஞ்ச கோயிலுக்கு நான் எங்க போக? இருக்கிறதுக்குத்தானே வைக்கலாம்."

அது அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துக் கதை என்று கியர்ஸ்டன் சொல்லியிருந்தாள். அதை அப்படியே அண்ணையிடம் போய், "இண்டைக்குத் தெற்கத்திச் சாப்பாடு" என்றீர்கள். அவருக்குத் தெற்கு என்றால் நம் நாட்டுச் சிங்களப் பக்கம்தான்; முகம் கறுத்துப் போய்விட்டது. "தெற்கத்திச் சாப்பாடோ? அடிச்சுத் துரத்தினவையின்ர சாப்பாடு கேக்குதோ உமக்கு?" என்று எழும்பினார். இது வேறு தெற்கு என்று விளங்கப்படுத்துவதற்குள் கோழி ஆறிவிட்டது. பிறகு கியர்ஸ்டனையும் சாப்பிடக் கூப்பிட்டு, உங்களுக்குத் தெரிந்த டேனிஷில் 'சூதன்' சாப்பாடு என்றீர்கள். அவள் வெயில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, "மயோர்க்காவோ?" என்று கேட்டாள். இவர்களுக்குத் தெற்கு என்றால் மயோர்க்காத் தீவு மாதிரி விடுமுறைக்குப் போய் வெயில் காய்கிற இடமாம். ஒரு சொல்லுக்கு எத்தனை ஊர்!

தொடரில் வெண்டிக்காயும் இறாலும் சோறும் வந்த அன்று உங்களுக்குப் பிடிபடாத சந்தோசம். "இது எங்கட கறிதானே! இறாலைப் போட்டு வேற பேர் வைச்சிருக்கினம்" என்றீர்கள். சோளமாவுக்கு எங்கே போவது என்று ரவையில் ரொட்டி சுட்டீர்கள். நிறம் தெரியாத பெட்டியைப் பார்த்துச் சமைத்ததால் எல்லாக் குழம்பும் நம் வீட்டுக் குழம்பின் நிறத்தில்தான் வந்தது.

அந்த விசுக்கோத்தை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கீழே ஓடுகிற டேனிஷ் எழுத்தைப் படிக்க நமக்கு நேரம் போதாது. ஆனால் மீசைச் சித்தப்பா தன் வாயால் விசுக்கோத்தும் குழம்பும் கேட்டார், இரண்டு காதாலும் கேட்டோம். அடுத்த சனிக்கிழமை நீங்கள் தேத்தண்ணி விசுக்கோத்தை வட்டமாக அடுக்கி, மேலே கோழிக் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தீர்கள். சீனியும் மிளகாய்த்தூளும் சேர்ந்து கூழாகிவிட்டது.

"இதென்னப்பா?" என்றார் அண்ணை.

"என்னைக் கேட்டால்? அந்த மனுசனைக் கேளுங்கோ. அவர்தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்."

அண்ணை தட்டை வழித்துச் சாப்பிட்டார். உங்களிடம் அவருக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அது விசுக்கோத்தல்ல, அவர்கள் ஊரில் மெத்தென்று சுடுகிற ஒருவகைப் பணிஸுக்கு அந்தப் பெயராம் என்று கியர்ஸ்டன் பிறகு சொன்னாள். நீங்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மொழி வகுப்பிலும் உங்களால் ஆசிரியைக்குப் பெரிய குழப்பம். பாண் வாங்கத் தெரியாது, ஆனால் அந்தத் தொடரின் புண்ணியத்தில் உயிலுக்கும் துரோகிக்கும் டேனிஷ் தெரியும். அந்த மனுசி உங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?

பிறகு ஆஸ்பத்திரி. அங்கே உங்களால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வந்ததும், "என்ன சாப்பிட்டவை?" என்று கேட்பீர்கள். முதல்நாள் தொடரில் அவர்கள் சாப்பிட்டதை நான் ஒவ்வொரு கறியாகச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள், தொண்டை மெல்ல அசையும். எல்லாம் சொல்லி முடிந்த பிறகுதான் மற்றக் கேள்வி வரும்: "மூத்தவன் வந்திட்டானோ?"

இன்னும் இல்லை, மச்சாள். இன்னும் இல்லை. அதைத் தவிர வேறு என்ன சொல்லியிருப்பேன்? நீங்கள் அந்தப் பதிலோடுதான் போனீர்கள்.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். வசந்தத்தில் அவர்கள் மூத்தவன் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. முத்துமாலை மாமி அந்தத் தட்டை எடுத்துக் கழுவி உள்ளே வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்தவர்கள் சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்து மேசையை நிரப்பினார்கள், செத்த வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் நம்மவர்கள் கொண்டுவருகிற மாதிரியே. நான் டீவியை நிறுத்தினேன். அந்தச் சாப்பாட்டை நான் சமைக்கவில்லை. உங்கள் குறி பொய்த்துப்போக வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன்.

பொய்த்துவிட்டது, மச்சாள். போன கிழமை தொலைபேசி அடித்தது. நேசன் ஜெர்மனி வழியாகக் கப்பலில் வந்து இறங்கி, இங்கே ஒரு அகதி முகாமில் இருந்து பேசினான். எப்படியோ நம் இலக்கத்தைத் தேடிப் பிடித்திருக்கிறான். "அக்கா எங்க, அத்தான்?" என்று கேட்டிருக்கிறான். அண்ணையின் வாயில் வந்தது, "அக்கா வகுப்புக்குப் போயிட்டா." தொடங்கிய பொய் நிற்கவில்லை. "உன்னை நினைச்சு அக்கா இஞ்ச ஒரே தெற்கத்திச் சாப்பாடுதான் சமைக்கிறவ" என்றும் சொல்லிவிட்டார்.

'தெற்கத்தியோ?' என்று இரண்டு தரம் திருப்பிக் கேட்டானாம். பிறகு நேசன் சொன்னானாம்: "நானும் இவ்வளவு நாளும் தெற்கிலதானே அத்தான் இருந்தனான். அங்க ஒரு ஆமி முகாமில அடைச்சு வைச்சிருந்தவங்கள். அக்காவுக்கு ஆர் சொன்னது?"

யார் சொன்னது, மச்சாள்? வெங்காயம் அரிந்துகொண்டிருந்த உங்களுக்கு யார் வந்து சொன்னது? நான் இதற்குப் பதில் தேடப்போவதில்லை. அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்து அழுதார்.

இன்று காலையில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. "வந்து ஏறினவுடனே சொல்லிப்போடு. மறைக்கிறது பாவம். என்னால ஏலாது, நீதான் சொல்லவேணும்" என்றார் அண்ணை. அவர் சொல்வதும் சரிதான். ஆனால் வாசலில் வைத்துச் சொன்னால் என்ன நடக்கும்? செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு என்று அவன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு போய் ஒரு மூலையில் படுப்பான். ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டான். முகாமில் கிடந்து வந்த உடம்பு. நீங்கள் அவனுக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமையாக அடுப்பில் வெந்தது எதற்காக?

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். சுவரில் இருந்த உங்கள் படத்தை மாலையோடு கழற்றி, என் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். விளக்கையும் எடுத்துவிட்டேன். கோழி பொரிந்துவிட்டது, வெண்டிக்காயும் இறாலும் இறக்கியாகிவிட்டது, ரவை ரொட்டி துணிக்குள் சூடாக இருக்கிறது. உங்கள் கைப்பக்குவம் வரவில்லை. வராது.

படியில் காலடிச் சத்தம் கேட்கிறது. உள்ளே வந்ததும் அக்கா எங்கே என்றுதான் கேட்பான். "முதல்ல கையைக் கழுவிப்போட்டு வந்து இரு, தம்பி" என்பேன்.

உங்களுக்கு வாக்குத் தருகிறேன், மச்சாள். நானே பரிமாறுவேன், இரண்டாம் தரமும் போடுவேன். அவன் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, உங்கள் படத்தைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் இருந்து, என் வாயாலேயே சொல்வேன். அண்ணையைச் சொல்ல விடமாட்டேன். அதுவரைக்கும், ஒரு நேரச் சாப்பாடாவது அவன் அக்கா இருக்கிற தம்பியாகச் சாப்பிடட்டும்.

உங்களை மச்சாள் என்று கூப்பிட்டு இன்னும் வாய் ஆறாத,
உங்கள் மச்சாள்
தவமலர்